வண்டிக்குத் தெரிந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்

ஹைப்ரிட் கார் தயாரிப்பாளர்களுக்கு, வணக்கம்.

பெட்ரோல் என்ஜினும் பாட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் காரான டொயோட்டா ப்ரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 'பாட்டரி போனால் வண்டியே போச்சு' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதைப் பொய்யாக்கியவை நீங்கள் செய்த வண்டிகள்தான். பத்து வயது தாண்டியும் முதல் பாட்டரியோடு ஓடுபவை உண்டு. ஆகவே இது வண்டியைப் பழிக்கும் மடல் இல்லை. என் வழக்கு வேறு: வண்டிக்குத் தெரிந்ததை எங்களிடம் மறைக்கிறீர்கள்.

இரண்டாம் தலைமுறை ப்ரியஸையே எடுத்துக்கொள்வோம். அதன் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரியில் 28 மாட்யூல்கள், அதாவது சின்னச் சின்ன பாட்டரிக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் 6 செல். எல்லாம் தொடராக இணைந்து 201.6 வோல்ட். இரண்டிரண்டு மாட்யூலாகச் சேர்த்து 14 தொகுதிகளின் வோல்டேஜையும் பாட்டரியின் கணினி ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது எந்தத் தொகுதி மற்றவற்றைவிடச் சட்டென்று சரிகிறது என்பது அதற்கு அத்துப்படி. எங்களுக்குக் கிடைப்பதோ சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் சில கோடுகள் திரையில். ஒரு மாட்யூல் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாலும் அந்தப் படம் நலமாகவே இருப்பதாய்ச் சொல்லும். பிறகு ஒருநாள் எச்சரிக்கை விளக்கு, பி0ஏ80 (P0A80) என்ற பழுதுக் குறியீடு, 'மொத்த பாட்டரியையும் மாற்றுங்கள்' என்ற தீர்ப்பு.

உள்ளூர் ஓட்டத்தில் இதைச் சமாளிக்கலாம். நெடும்பயணத்தில்தான் வயிற்றைக் கலக்கும். நீண்ட மலை ஏற்றம் பாட்டரியை வடிக்கிறது; இறக்கம் அதை நிரப்பிவிடுகிறது. நிரம்பியபின், வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்க்கும் மீட்பு பிரேக்குக்கு இடமில்லை. கியரை என்ஜின் பிரேக்குக்கான 'பி' (B) நிலைக்குத் தள்ளினால் என்ஜின் சுழன்று வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடுகள் வழக்கத்தைவிட விரைவாக ஏறி இறங்கினால் பாட்டரிக்கு வயதாகிறது என்று பழக்கப்பட்டவர்கள் ஊகித்துக்கொள்வோம். புதிதாகப் பழைய வண்டி வாங்கியவர் என்ன செய்வார்?

கிளம்பும்முன் என்ஜினுக்கான கூலன்ட்டோடு பாட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டருக்கான தனித் தொட்டியையும் பார்க்கிறோம். வண்டியை, ஓடத் தயார் என்னும் 'ரெடி' நிலையில் வைத்து, அந்தத் தொட்டியில் கூலன்ட் சுழல்கிறதா என்று எட்டிப் பார்த்து, பம்ப் உயிரோடிருப்பதை உறுதிசெய்கிறோம். டிக்கியில் கிடக்கும் 12 வோல்ட் பாட்டரியையும் மீட்டர் வைத்துப் பார்க்கிறோம். அது சோர்ந்தால் கணினிகள் விழிக்காது, பெரிய பாட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்றான அந்தப் பெரிய பாட்டரியை மட்டும் சோதிக்க நீங்கள் வழி தரவில்லை.

பின்சீட்டின் ஓரத்திலுள்ள காற்றுத் துளையும் கவனிப்பாரற்றுத்தான் கிடக்கிறது. பாட்டரி மூச்சு விடுவதே அதன் வழியாக. பயணத்தில் பையும் போர்வையும் குவிவதும் சரியாக அங்கேதான்! தூசியும் நாய் முடியும் உள்ளே போய் விசிறியில் அப்பிக்கொள்ள, வெப்பம் ஏறி பாட்டரியின் ஆயுள் குறைகிறது. அந்த விசிறியைச் சுத்தம் செய்யும் வேலை, ஆயில் மாற்றுவதைப்போல, பராமரிப்பு அட்டவணையில் கெடுவோடு இடம்பெற வேண்டும்.

'உயர் மின்னழுத்தம், மக்கள் கைவைத்தால் ஆபத்து' என்பீர்கள். உண்மைதான். உயர் மின்னழுத்தம் ஓடும் அந்த ஆரஞ்சு நிற வயர்களைத் தொடும் உரிமையை நான் கேட்கவில்லை. 'ஒரு மாட்யூலை மாற்றி ஒட்டுப்போட்டால் அடுத்தது விழும்' என்பீர்கள். அதையும் ஒப்புக்கொள்கிறேன், கூடப் பிறந்தவை எல்லாவற்றுக்கும் ஒரே வயது. ஒட்டுப்போட்ட வண்டியை நம்பி நெடுந்தூரம் போக நானும் துணியமாட்டேன். ஆனால் ஒட்டு போதுமா, மொத்தமாக மாற்றுவதா, இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதா என்று முடிவெடுக்க அந்த 14 தொகுதிகளின் வோல்டேஜ் எண்கள் வேண்டுமே.

இப்போது அவற்றை எப்படிப் பார்க்கிறோம் தெரியுமா? பட்டறைக்காரர்கள் பழுது பார்க்கக் கருவியைச் செருகும் ஓபிடி (OBD) சாக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகி, ஆர்வலர்கள் தலையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த கட்டளைகளைச் செல்போன் செயலி வழியே அனுப்பி. உங்கள் பட்டறைக் கருவி படிக்கும் அதே தகவல்தான் இது. புது வண்டிகளில் தொகுதிவாரி வோல்டேஜையும் பாட்டரி வெப்பத்தையும் திரையிலேயே காட்டுங்கள். திரையை மாற்ற முடியாத பழைய வண்டிகளுக்கு, மாடல் வாரியாக அந்தக் கட்டளைப் பட்டியலை வெளியிடுங்கள். அதற்குப் புது உதிரிபாகம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆவணம் அது.

இப்படிக்கு,
பழைய ஹைப்ரிட்டை விற்க மனமில்லாத ஒருவர்