மரப்படிகளை இடிப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டுப் பகுதியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது முதலில் பலியாவது பெரும்பாலும் மரத்தாலான மாடிப்படிதான். "கிரீச்சிடுகிறது, கரையான் இருக்கும், பெயர்த்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டிவிடலாம்" என்பது ஒப்பந்ததாரர்களின் வாடிக்கையான யோசனை. எங்கள் வீட்டுப் படிக்கும் இதே தீர்ப்புதான் கிடைத்தது. அதை ஏற்காமல் மூத்த ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்டி நாங்கள் முடிவெடுத்த விதம், இதே நிலையில் உள்ள வாசகர்களுக்குப் பயன்படலாம்.

வந்தவர் பாலிஷைப் பற்றிப் பேசவே இல்லை. படிக்கு அடியில் அடைத்து வைத்திருந்த சாமான்களை அப்புறப்படுத்தச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பலகையையும் உளி முனையால் குத்திப் பார்த்தார். பர்மா தேக்கின் வைரத்தில், அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதியில், உளி இறங்கவில்லை. தரையைத் தொட்டு நிற்கும் பக்கச்சட்டத்தின் அடியில், வெள்ளைப்பகுதி (பட்டையை ஒட்டிய வெளிமரம்) சேர்ந்திருந்த இடத்தில் மட்டும் மரம் மாவாக உதிர்ந்தது. தேக்கைக் கரையான் அண்டாது என்று நாம் சொல்வது வைரத்துக்குத்தான் பொருந்தும். வெள்ளைக்கு, அதுவும் தரை கழுவும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும் இடத்தில், அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, பழைய தேக்குத் துண்டை ஒட்டுப்போட்டு, அதன் கீழே ஒரு கருங்கல் துண்டு வைப்பதென்று முடிவாயிற்று. அத்தகைய மரம் பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தேடினால் கிடைக்கும். கிரீச்சிடும் சத்தம், மரம் காய்ந்து மூட்டுகள் தளர்ந்ததால் வருவது. அடியிலிருந்து பசை தடவிய ஆப்புகளை அடித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பழைய பெயின்டை அகற்றுவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்று கருதுவதே நல்லது. மெஷினால் தேய்த்தால் அந்தத் தூசு வீடு முழுவதும் பரவும். போதாக்குறைக்கு, படி விளிம்பின் இழைப்பு வேலைப்பாடும் மழுங்கிப்போகும். பெயின்டைக் கரைத்தெடுக்கக் காஸ்டிக் சோடா போட்டால் அது தேக்கைக் கறுக்கச் செய்யும். முகக்கவசம் அணிந்து, குழந்தைகளை அண்டவிடாமல், ஈரமாக்கிச் சுரண்டுவது மெதுவான வேலைதான் என்றாலும் எங்களுக்கு அதுவே சரியெனப்பட்டது.

பூச்சு விஷயத்தில் வீட்டிலேயே இரு கட்சி. பாலியூரித்தேன் வார்னிஷ் பளபளக்கும், உழைக்கும். ஆனால் பலர் ஏறி இறங்கும் நடுப்பகுதியில் தேய்ந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுத் தெரியாமல் சரிசெய்வது கடினம். ஆளிவிதை எண்ணெய் பளபளக்காது, ஆண்டுக்கொருமுறையாவது தடவ வேண்டும். ஆனால் தேய்ந்த இடத்தில் மட்டும் மீண்டும் பூசிக்கொள்ளலாம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் வழுக்கும் பளபளப்பு எதற்கு என்ற கேள்வியில் எண்ணெய்க் கட்சி வென்றது. கைப்பிடிக்கு மட்டும் அரக்கு பாலிஷ். சானிடைசர் பூசிய ஈரக்கையோடு அதைப் பிடித்தால் பாலிஷ் கரைந்து தடம் விழும் என்று ஆசாரி முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. நீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி