நூல் அறிமுகத்தில் பதிப்பகத்தின் பெயரையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பிலும், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியும் தங்கள் நாளிதழில் வரும் நூல் பட்டியல்களைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நூலகத்துக்கும் கடைக்கும் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் துண்டில் நூலின் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், 'குழந்தைகள் விரும்பிப் படிப்பார்கள்' என்று ஒரு வரி இருக்கும். பதிப்பகம் எது, எத்தனை பக்கம், எந்த வயதுப் பிள்ளைக்கு, இப்போது கிடைக்கிறதா என்பது எதுவும் இருக்காது. ஊரறிந்த எழுத்தாளர் என்றால் பெரிய குறையில்லை, எந்தக் கடையிலும் எடுத்துத் தந்துவிடுவார்கள். பெயர் பரவாத எழுத்தாளருக்கு இந்த விவரங்கள் இல்லாவிட்டால் கதை அதோடு முடிந்தது. "அப்படி ஒரு புக் வரலீங்க" என்று சொல்லிவிட்டு, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும் தெனாலிராமனை எடுத்து நீட்டுவார் கடைக்காரர். வந்தவரும் வாங்கிக்கொண்டு போவார்.

அதிகம் அறியப்படாதவர்களின் சிறார் நூல்களுக்கும் கதை நூல்களுக்கும் மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இக்கடிதம். அந்தக் கால் பக்கத்தை எப்படி எழுதினால் நூல் வாசகர் கைக்குப் போய்ச் சேரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் வயது. '8 முதல் 12 வயது வரை' என்று போடுவதால் தமிழில் பெரும்பாலும் பயனில்லை. ஆங்கில வழியில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒருவர் வாசித்துக் காட்டினால் நாவலே புரியும். தானே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்புக் கதையிலேயே திணறும். ஆகவே ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு விவரம் வேண்டும்: வாசித்துக் காட்ட எந்த வயதுக்கு, தானே படிக்க எந்த நிலைக்கு. நிலைக்குப் புதிய பெயர் தேடி அலைய வேண்டாம். தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரிக்கப்பட்டுள்ளன. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அவை பழகிவிட்டன. அதையே நாளிதழும் எடுத்துக்கொள்ளலாம்.

நிலையைக் கணிக்கச் சொற்களை எண்ணினால் மட்டும் போதாது. ஆங்கிலக் கதைக்கு அது ஓரளவு செல்லும். தமிழில் 'போய்க்கொண்டிருந்தாள்' ஒரே சொல், ஆனால் பத்து எழுத்து. ஒரு பக்கத்தில் நான்கு வரிதான் இருந்தாலும் இப்படி மூன்று சொல் வந்தால் 'நுழை' நிலைப் பிள்ளை நின்றுவிடும். நூலைத் திறந்து நடுவில் ஒரு பக்கம் எடுத்து, எட்டு எழுத்துக்கு மேற்பட்ட சொற்கள் எத்தனை என்று பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் தானே படிக்கக் கொடுக்கலாம். ஐந்தைத் தாண்டினால் வாசித்துக் காட்டும் நூல் என்று குறித்துவிடலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. அங்கும் நான்கு படிநிலை உண்டு. மொழிபெயர்ப்பாக வரும் கதைகளில் மூலத்தின் படிநிலையே தமிழுக்கும் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு என்பதால், மேற்சொன்னபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் பரிந்துரைப்பது நல்லது.

அடுத்தது அச்சு. இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் பிள்ளை நூலை மூடிவைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். தொடக்க நிலைக்கு எழுத்தின் அளவு 18 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது, அடுத்த நிலைக்கு 14. பெரியவர் நூலுக்குப் போடும் 11 புள்ளியில் சிறார் நாவலை அடித்து, பக்கத்தைக் குறைத்து, விலையைக் கட்டுப்படுத்துகிறார்கள். பதிப்பாளரின் கணக்கு புரிகிறது, பிள்ளையின் கண்ணுக்குத்தான் அது புரியாது. இன்னொன்று, வரி முறியும் இடம். 'வந்திருக்' என்று வரி முடிந்து 'கிறான்' என்று அடுத்த வரி தொடங்கினால், எழுத்துக்கூட்டுகிற பிள்ளை அதை இரண்டு சொல்லாகவே படிக்கும். படநூல் என்றால் கருநீல வானத்தின் மேல் கறுப்பு எழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்தது காகிதத்தில் மங்கிப்போயிருக்கும். நடுவில் பின் அடித்த 16, 24 பக்க நூல்கள் விரித்தால் தட்டையாகக் கிடக்கும். கோந்து ஒட்டிய நூலை நாலு பிள்ளைகள் கைமாற்றினால் தாள் கழன்றுவிடும். வகுப்பறைக்குப் பரிந்துரைக்கும்போது இதையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடலாம்.

கதை எப்படி என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கடைசிப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு படியுங்கள். அது இல்லாமலும் கதை நிற்கிறதா? நின்றால் பரிந்துரைக்கலாம். 'ஆகவே குழந்தைகளே' என்று தொடங்கும் பத்தியைத் தூக்கிப் பிடிக்கவே கதை எழுதப்பட்டிருந்தால் வேண்டாம். தமிழில் சிறார் கதை என்ற பெயரில் வருவதில் கணிசமானவை இந்தச் சோதனையில் தேறாது. பெயர் தெரியாதவர் என்பதற்காக இதில் சலுகை காட்டினால், அடுத்து வரும் நல்ல நூலையும் வாசகர் நம்ப மாட்டார்.

நூல்களை எங்கே தேடுவது? சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் என்ற விருதைத் தருகிறது. அந்தத் தமிழ்ப் பட்டியலைக் கையில் எடுத்தாலே, கடைகளில் கண்ணில் படாத பத்துப் பதினைந்து பெயர்கள் கிடைக்கும். புதுச்சேரியில் வாழ்ந்த ம.இலெ. தங்கப்பா 2011இல் 'சோளக்கொல்லைப் பொம்மை' என்ற பாடல் நூலுக்குப் பெற்றார். பாடல் நூல்கள் 'நுழை' நிலைக்கு மிகவும் ஏற்றவை. வரி சிறியது, எதுகை அடுத்த சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும், படிக்கத் தெரியாத பிள்ளையும் ஊகித்துப் படித்துவிடும். ஒரு சிக்கல் என்னவென்றால், 2016, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் குறிப்பிட்ட நூலுக்கு என்றில்லாமல் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்காக விருது தந்தார்கள். செய்தியைப் படிக்கும் பெற்றோருக்கு விருது பெற்றவரின் எந்த நூலில் தொடங்குவது என்று தெரியாது. அந்த இடத்தில்தான் நாளிதழ் கைகொடுக்க வேண்டும்.

மாதிரிக்கு இரண்டு. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', வானம் பதிப்பகம், 2023இல் விருது பெற்ற சிறார் நாவல், கீழடியைக் களமாகக் கொண்டது. 'ஓடு' நிலையில் இருப்பவர்கள் துணையோடும் 'பற' நிலையினர் தாமாகவும் படிக்கலாம். கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் போவதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சுடுமண் பொருள்களைப் பார்க்கும்போது என்ன தேடுவது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது, யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', அதே பதிப்பகம், 2020இல் விருது பெற்றது. தவறான தொடுதல் பற்றிய கதை. இதை வெறுமனே 'நல்ல சிறார் நாவல்' என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. பெரியவர் முதலில் படித்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டிய நூல் என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், பிள்ளை ஏதாவது கேட்கும்போது பதில் தெரியாமல் திகைக்கும் பெற்றோர் நூலைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள்.

இருமொழி நூல்களைப் பற்றி ஒரு சொல். சென்னையின் தூளிகா போன்ற பதிப்பகங்கள் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படநூல்களை வெளியிடுகின்றன. படங்கள் அருமையாக இருக்கும். ஆனால் ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளை ஆங்கில வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும். தமிழ் வாசிப்புக்காக வாங்குகிறவர்கள், தமிழ் மட்டும் உள்ள பதிப்பு அதே நூலுக்கு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஓவியரின் பெயரையும், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் பட்டியலில் விடாதீர்கள். படநூலில் பாதிக் கதையைச் சொல்வது ஓவியர்.

பெரியவர்களுக்கான கதை நூல்களில் வழி வேறு. புதிய எழுத்தாளரிடம் வாசகரை அழைத்துப் போகும்போது 500 பக்க நாவலைக் காட்டி மிரட்ட வேண்டாம், சிறுகதைத் தொகுப்பையோ குறுநாவலையோ காட்டுங்கள். தொகுப்பைத் தேர்ந்தெடுப்பவர் முதல் கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதல் கதையும் தலைப்புக் கதையும் பொறுக்கி வைக்கப்பட்டவை. நடுவில் இருக்கும் நான்காவது, ஐந்தாவது கதையைப் படித்தால் எழுத்தாளரின் சராசரி தெரிந்துவிடும். பிரபலங்களின் முன்னுரையைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள், அவற்றில் பாதி கதையைப் போட்டு உடைத்துவிடுகின்றன. சொந்தப் பதிப்பில் ஒற்றுப் பிழைகள் கொஞ்சம் இருக்கும், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. முதல் பத்துப் பக்கத்திலேயே ர, ற மாறி, ண, ன மாறிப் பொருளே குழம்பினால் மெய்ப்புப் பார்க்காத நூல் என்று அர்த்தம். அதை அடுத்த பதிப்பு வரும்வரை தள்ளிவைக்கலாம்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது, இப்போது காலச்சுவடு வெளியீடாக இருக்கிறது. ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய சிறிய நாவல். பெரியவளானதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் லிஸி, பனையேறி குடும்பத்துப் பையன் தங்கராஜ், நொடித்துப்போன ஒரு கிறிஸ்தவக் குடும்பம். உரையாடல் குமரி மாவட்ட வழக்கில் இருக்கும். வடக்கே உள்ளவர்களுக்கு முதல் இருபது பக்கம் மெல்லத்தான் நகரும், பிறகு காது பழகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பத்தாம் பக்கத்தில் மூடிவைக்க மாட்டார்கள். அதே குமரி நாட்டுக்காரர் கிருஷ்ணன் நம்பி (1932–1976). 'மருமகள் வாக்கு' கதையால் இலக்கிய வாசகர்கள் அவரை அறிவார்கள். அவரே சசிதேவன் என்ற பெயரில் 'கண்ணன்' இதழில் குழந்தைப் பாடல்கள் எழுதினார் என்பதும், அவை 'யானை என்ன யானை' என்று நூலாக வந்தன என்பதும் பலருக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சிறுகதை, பிள்ளைக்குப் பாட்டு என்று ஒரே எழுத்தாளரை வீட்டில் இருவருக்கும் பரிந்துரைக்கும் வாய்ப்பு அபூர்வமாகவே கிடைக்கும்.

கடைசியாக, நூல் கிடைக்கும் வழி. முன்பு ஒரு பதிப்பு என்றால் 1,000, 1,200 பிரதி. இப்போது சிறு பதிப்பகங்கள் டிஜிட்டல் முறையில் 100, 200 என்று அடித்து, தீர்ந்ததும் மறுபடி அடிக்கின்றன. ஆகவே கறுப்பு வெள்ளையில் வரும் நாவலுக்கு 'ஸ்டாக் இல்லை' என்றால் ஒரு மாதம் பொறுத்துக் கேட்கலாம். வண்ணப் படநூலுக்கு இது பொருந்தாது. வண்ணத்தில் குறைந்த பிரதி அடித்தால் அடக்கவிலை எகிறிவிடும், அதனால் மறுபதிப்பு எளிதில் வராது. படநூலைக் கண்டதும் வாங்கிவிட வேண்டும். 50 ரூபாய் நூல் ஒன்றைத் தபாலில் வரவழைத்தால் அனுப்பும் செலவே நூல் விலைக்கு நிற்கும். பள்ளியோ தெருக்காரர்களோ சேர்ந்து பத்து நூலாகக் கேட்டால் செலவும் குறையும், பதிப்பகமும் கழிவு தரும். பிடிஎஃப் கேட்டு அலைபவர்களுக்கு ஒன்று: எழுத்தாளருக்கு வழக்கமாகக் கிடைப்பது விலையில் பத்து சதவீதம், அந்த ஐந்து ரூபாயையும் விட்டுவைக்க மாட்டோமா?

வாங்க முடியாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. வாசகர் கேட்கும் நூல்களைக் குறித்துவைக்கும் பதிவேடு பல நூலகங்களில் உண்டு, கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதில் வெறும் தலைப்பை எழுதினால் பயனில்லை. ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் என்ற 13 இலக்க நூல் அடையாள எண் ஆகியவற்றை எழுதினால்தான் கொள்முதலின்போது சரியான நூல் வந்து சேரும். தாங்கள் வெளியிடும் அறிமுகத்திலேயே இவை இருந்தால் வாசகர் அப்படியே பார்த்து எழுதிவிடுவார்.

ஒரு மாதத்துக்கு நான்கு நூல் போதும், இருபது வேண்டாம். பரிந்துரைப்பவர் நூலை முழுக்கப் படித்திருக்க வேண்டும். எழுத்தாளருக்கோ பதிப்பகத்துக்கோ வேண்டியவர் என்றால் அதைக் கீழே ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். வெளியிட்ட பிறகு நூல் கிடைக்கவில்லை என்று வாசகர் எழுதினால் பதிப்பகத்திடம் விசாரித்து, அடுத்த மாதப் பகுதியின் தலையிலேயே அதைத் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்,
தேனி மாவட்டம்.