கருவி வைத்த இடத்தில் ரத்தம் கட்டினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்திக்கொண்டு வீடு திரும்புபவரிடம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, செல்போனைச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். கருவி வைத்த இடத்தில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளக்கூடும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சீரற்ற இதயத்துடிப்புக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டுவந்த என் தந்தைக்கு, அறுவை சிகிச்சைக்கு முன்பு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அதே போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். நான்காம் நாள், காலர் எலும்புக்குக் கீழே தையல் போட்ட இடம் கருநீலமாகி, உள்ளே இருந்த கருவியைவிடப் பெரிதாகப் புடைத்து நின்றது. ஊசி குத்தி ரத்தத்தை உறிஞ்சிவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். பிறகு பார்த்த மருத்துவர் அதற்கு இடம்கொடுக்கவில்லை. ஊசி வழியே கிருமி உள்ளே போய்விட்டால் கருவியையும், அதிலிருந்து இதயத்துக்குச் செல்லும் கம்பிகளையும் சேர்த்தே அகற்ற வேண்டிவரும் என்று விளக்கினார். அழுத்திக் கட்டுப் போட்டுப் பல வாரம் பொறுத்திருந்த பிறகே வீக்கம் வடிந்தது.

மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றுவதுதான் பாதுகாப்பு என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஆனால் ரத்தம் உறைந்து குழாய்களில் அடைப்பு ஏற்படும் அபாயம் கூடுதலாக உள்ள 681 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், ஹெப்பாரினுக்கு மாற்றப்பட்டவர்களில் 16 சதவீதத்தினருக்குக் கருவி வைத்த தோலடிப் பையில் பெரிய ரத்தக்கட்டு ஏற்பட்டது. வார்ஃபரினை நிறுத்தாமல் தொடர்ந்தவர்களில் அது 3.5 சதவீதமே. மருந்து உடலில் இருக்கும்போதே அறுவை நடப்பதால், கசியும் இடம் அப்போதே கண்ணில் பட்டு, தையல் போடும் முன்பே அடைக்கப்பட்டுவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. இவ்வாறு ரத்தம் கட்டியவர்களுக்கு ஓராண்டுக்குள் கடுமையான கிருமித்தொற்று வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2016-இல் அதன் தொடராய்வு காட்டியபோதுதான், மருத்துவர் ஏன் ஊசியை அவ்வளவு அஞ்சினார் என்பது எனக்குப் புரிந்தது.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையைத் தொடரவோ நிறுத்தவோ வேண்டாம். ரத்த உறைவைத் தடுக்கும் புதிய வகை மருந்துகளுக்கும், ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரலுக்கும் கணக்கு வேறு. வார்ஃபரினிலும் அறுவை நாளன்று, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கம்பி இதயச் சுவரைத் துளைத்து வெளியுறைக்குள் ரத்தம் தேங்குவது அரிது என்றாலும், மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எந்த மாத்திரையை எந்த நாளில் நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது, வீக்கம் பெரிதானாலோ தோல் இறுகிப் பளபளத்தாலோ ரத்தமோ நீரோ கசிந்தாலோ இரவிலும் யாரை அழைப்பது என்பதை மருத்துவமனைகள் நோயாளியின் மொழியில் எழுதி, வீட்டுக்கு அனுப்பும்போதே கையில் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்