பால் ஏகவினக் கலவை அல்ல: ஆசிரிய ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் விஞ்ஞான பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கு,

வணக்கம்.

"எங்கும் ஒரேமாதிரித் தெரிவது ஏகவினக் கலவை" என்று மனனம் செய்த பிள்ளை பாலையும் ஏகவினம் என்றுதான் எழுதும். சோதித்துப் பார்க்க வழி காட்டாமல் வரைவிலக்கணத்தை மட்டும் கொடுத்தால் வேறு எதை எழுதும்? அடுத்த தவணைச் செய்முறையில் கீழுள்ளதைச் சேர்த்துவிடுங்கள். ஒரு பாடவேளை போதும்.

மூன்று கண்ணாடி முகவைகளில் 200 மி.லீ. கிணற்று நீர் வீதம் எடுங்கள். ஒன்றில் 10 கிராம் சீனி, அடுத்ததில் நான்கைந்து துளி பால், மூன்றாவதில் வட்டைக்குள் (வயலுக்குள்) எடுத்துக் காயவைத்துத் தூளாக்கிய களிமண் ஒரு தேக்கரண்டி. நன்கு கலக்கி 10 நிமிடம் அசையாமல் விடுங்கள். யன்னல்களை மூடி, 3 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டைக்குப் பின்னால் டோர்ச்சைப் பிடித்து, முகவையைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். சீனிக் கரைசலில் ஒளி போகும் பாதை தெரியாது. பால் நீரில் வெண்கோடாகத் தெரியும். பாலின் நுண்துணிக்கைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் இதுதான் டின்டால் விளைவு; பால் ஏகவினம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி. களிமண்ணில் பெரிய துணிக்கைகள் அடியில் படிந்திருக்கும்.

பிழைக்கும் இடங்கள் உண்டு. பால் கூடினால் முகவை முழுவதும் வெளுத்துக் கோடே தெரியாது. சீனிக்குப் பதில் கறியுப்புப் போட்டால், அதிலுள்ள தூசினாலும் கட்டிபடாமலிருக்கச் சேர்க்கும் பொருளினாலும் கரைசல் கலங்கி, பிள்ளைகள் அங்கும் கோட்டைக் காண்பார்கள். உப்புத்தான் வேண்டுமென்றால் முதலில் வடித்துவிடுங்கள். வடிதாளை மட்டும் நம்பவும் கூடாது. அதன் துளைகள் ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர். பாலின் புரதத் துணிக்கைகள் 1 மைக்கிரோமீற்றரிலும் சிறியவை. பால் நீர் வெள்ளையாகவே இறங்கும், பிள்ளையும் "கரைசல்" என்று எழுதிவிடும்.

களிமண் முகவையில் அடிமண்டியை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். மேல்நீர் மணிக்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். அங்கே மிஞ்சுவது தொங்கல் (அசையாமல் விட்டால் படியும் பெரிய துணிக்கைகள்) அல்ல, கூழ்நிலைத் துணிக்கைகள் (எளிதில் படியாத மிக நுண்ணியவை). ஒரே முகவையில் இரண்டும் இருக்கின்றன என்று எழுதும் பிள்ளைக்குப் புள்ளி குறைக்காதீர்கள். இதே களிமண்ணை, மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரப் பக்கத்து உவர்நீரில் கரைத்தால் விரைவாகத் தெளியும். களித் துணிக்கைகள் மறையேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளுகின்றன. உப்பிலுள்ள நேர் அயன்கள் அந்தத் தள்ளுகையைத் தணிக்க, துணிக்கைகள் ஒட்டிப் பருத்துப் படிகின்றன. மாரியில் வாவி நீரின் உவர்ப்பு இறங்கிவிடும். அப்போது இந்த வேறுபாடு சரியாக வராது. பெப்ரவரிக்குப் பிறகு செய்யுங்கள்.

ஆவியாக்கலுக்கு ஒரு திருத்தம். 500 மி.லீ. கடல்நீரை வற்றக் காய்ச்சி, மிஞ்சிய வெள்ளையை "உப்பு" என்று காட்டுகிறோம். அதில் கல்சியம் சல்பேற்றும், கசந்து ஈரம் இழுக்கும் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கும். 60 மி.லீ. அளவுக்கு வந்ததும் ஒருமுறை வடித்து, 20–25 மி.லீ. இல் அடுப்பை அணைத்து, எஞ்சிய திரவத்தை ஊற்றிவிட்டால் பளிங்கு ஓரளவு தூய்மையாக வரும். கடைசியில் சுடரைக் குறைக்காவிட்டால் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி அணியவேண்டும்.

கலவை பிரிப்புக்கு உதாரணமாக நெல் தூற்றுவதை அம்பாறைப் பிள்ளைக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டத் தேவையில்லை. அந்த நேரத்தை மேலுள்ளவற்றுக்குக் கொடுங்கள்.

தவணைப் பரீட்சையில் வரைவிலக்கணம் கேட்பதை விட்டு, பெயரிடாத மூன்று போத்தல்களை இனங்காணும் படிமுறையை எழுதச் சொல்லுங்கள். டோர்ச், வடிதாள் இரண்டில் எதை முதலில் பயன்படுத்துவது, ஏன் என்று காரணம் காட்டுபவருக்கே முழுப் புள்ளி.

இப்படிக்கு,
இரு மாவட்டங்களின் விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்