சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போ, தம்பி

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தாகிவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. நம்ம வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. உனக்கு போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறாய், அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதமென்றால் உனக்கு நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

பேத்தி யாழினியின் பள்ளிக்கூடத்துப் படங்களைக் கவிதா அனுப்பியிருந்தாள். பள்ளி திறக்கும் முன்னால் பெற்றோர்கள் கூடி வேலை செய்த நாளின் படங்களாம். ஒருவர் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார், இரண்டு பெண்கள் நூலகப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறார்கள், ஒரு பெரியவர் உரக்குழியைக் கிளறுகிறார். கவிதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரை கழுவுகிறாள். என் மருமகள் இவ்வளவு வேலை செய்வாள் என்று எனக்கு முன்பே தெரியும், அதைச் சொல்ல வேண்டியதில்லை. குட்டிகூட ஒரு சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தன் முழங்கைக்கே பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாப் படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ எதிலும் இல்லை. படம் எடுத்தது நீயாக இருக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்புறம் பார்த்தால், கவிதாவே கையை நீட்டி எடுத்த படம் ஒன்று இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சரி, உனக்கு ஆபீஸ் வேலை இருந்திருக்கும். நான் எழுத உட்கார்ந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான்.

அந்தப் பள்ளியில் அறுபது பிள்ளைகள்தான் என்று கவிதா சொன்னாள். வாடகை வீடு, பெரிய அறக்கட்டளை எதுவும் பின்னால் இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோர்கள் வந்து வேலை செய்ய வேண்டும், பருவத்துக்கு ஒரு தடவை கூட்டம், மதியச் சாப்பாட்டுக்கு முறை வைத்துக் காய் நறுக்க வேண்டும் என்றாள். உங்கள் முறை வரும்போதெல்லாம் அவள்தான் போகிறாளாம். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டதால் சொன்னாள். அவளைக் கோபிக்காதே.

இந்த மாதிரிப் பள்ளிக்கூடம் எப்படி நிற்கிறது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நீ அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவன்தானே. பெரிய டீச்சர் சென்னையில் மாண்டிசோரி பயிற்சி முடித்துவிட்டு வந்து, அவர்கள் அப்பா வீட்டுத் தோப்பில் மூன்று கீற்றுக் கொட்டகை போட்டு ஆரம்பித்ததுதானே நம்ம பள்ளிக்கூடம். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் பெற்றோர்களை உட்கார வைத்து அந்தக் கல்வி முறையை உருவாக்கிய இத்தாலி நாட்டு மாண்டிசோரி அம்மையாரின் கதையைச் சொல்வார். 1939-ல் அந்த அம்மா சென்னை அடையாறுக்கு வந்தது, அதற்குள் யுத்தத்தில் இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் திரும்பிப் போக முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது எல்லாம். சொல்லிவிட்டு, "பிள்ளையை இங்கே விட்டுவிட்டு நீங்கள் வாசலோடு போய்விட முடியாது" என்பார். எனக்கு அப்போது பயமாக இருந்தது. நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். டீச்சரோடு என்ன பேசுவது என்று நினைத்தேன். பேச வேண்டாம், தைக்கத் தெரியுமா என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்து எத்தனை ஆண்டு விழாவுக்குத் தலைப்பாகையும் பாவாடையும் தைத்திருப்பேன், நீயே பார்த்திருக்கிறாய்.

பணம் உள்ளவர்கள் பணம் கொடுத்தார்கள். இல்லாதவர்கள் அறுவடைக்கு அப்புறம் ஃபீஸ் கட்டினார்கள். அதுவும் முடியாதவர்கள் கை வேலை செய்தார்கள். ஆனால் கொடுத்தவர்கள் அதிகாரம் பண்ண டீச்சர் விட்டதில்லை. மேடை கட்ட சிமெண்ட் கொடுத்தவர் தன் மகனுக்குத்தான் கட்டபொம்மன் வேஷம் வேண்டும் என்று வந்து நின்றபோது, மிச்ச மூட்டைகளை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறதா? வகுப்பில் வந்து உதவி செய்யலாம், ஆனால் தன் பிள்ளை என்ன செய்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். நல்ல சட்டம். ரேங்க் கார்டு கேட்டுச் சண்டை போட்டுப் பாதிப் பேர் மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போன கதையை விடு. அதை எழுதினால் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

பரிமளா சித்தியின் பெண் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பரிமளாதான் தலைவி. எங்கே பார்த்தாலும் அவள் பெருமைதான், அவளுக்குத் தகும். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்களாகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று இருக்கிறதாம். அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும்தான் அந்தக் குழு. யாழினி படிப்பது போலத் தனியாக நடக்கும் சின்னப் பள்ளிக்கு அப்படிக் குழு வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அங்கே யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வராதவர் பெயரை யாரும் பலகையில் எழுதிப் போட மாட்டார்கள். அதனால்தான் நீயாகப் போக வேண்டும் என்கிறேன். சனிக்கிழமை போ.

உன் தாத்தா எந்தச் சட்டத்தையும் கேட்டுக் கொடுக்கவில்லை. 1958-ல் காமராஜர் காலத்தில் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடு ஊர் ஊராக நடந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்தினார், ஜனங்கள் கரும்பலகை, மணி, கடிகாரம், நிலம் என்று கொண்டு வந்து கொடுத்தார்கள். தாத்தா கொடுத்த வாகை மரப் பெஞ்சு இன்னும் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது. நீ அதில் உட்கார்ந்து போட்டோகூட எடுத்துக்கொண்டாய். கல்யாணத்துக்கு முன்னால் கவிதாவைக் கூட்டி வந்து காட்டினாயே, அந்தப் பெஞ்சுதான்.

ஓடு மாற்றிய அந்த இரண்டு நாளைப் பற்றி உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் அந்தத் தீ. 94 பிள்ளைகள். சமையல் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரையில் பிடித்து வகுப்புக்குப் போனது என்று சொன்னார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், நம்ம தெருவில் யாரும் அன்று ராத்திரி அடுப்பு மூட்டவில்லை. எல்லாப் பள்ளிகளிலும் கீற்றுக் கூரையை எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. நம்ம பள்ளியில் மூன்று கொட்டகையும் கீற்றுதான். பெரிய டீச்சர் கூட்டம் கூட்டி, "என்னிடம் பணம் இல்லை, மூடிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

மூடவில்லை. அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளில் கீற்றைப் பிரித்து, மூங்கிலை இறக்கி, மரச்சட்டம் ஏற்றி, ரீப்பர் அடித்து ஓடு போட்டார்கள். கொத்தனார் பிள்ளைகள் இரண்டு பேர் நம்ம பள்ளியில் படித்தார்கள், அவர் கூலி வாங்கவில்லை. ஓடு பழைய ஓடு, அப்பா வேலை பார்த்த மில்லில் ஒரு பழைய கிடங்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், முதலாளியிடம் அப்பா போய்க் கேட்டு வாங்கி வந்தார். அப்பா ஒருவரிடம் போய் ஒன்று கேட்டு வாங்கியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நீ இன்னொன்றைக் கவனித்திருப்பாயோ என்னவோ. அந்த வருஷம் நானும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. சீட்டு விஷயத்துக்கு அப்புறம். உன் வழியாகத்தான் எல்லாம் நடக்கும், "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாவிடம் சாவியைக் கொடு" என்று. நீ ஐந்தாம் வகுப்புப் பையன், இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பாய். அவர் மில்லிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். ஊரில் யாருக்கும் தெரியாது. நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டோம்.

ஓட்டைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்ப வரிசையாக நிற்க வைத்தார்கள். டீச்சருக்கு எங்கள் விஷயம் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. என்னை ஏணிக்கு அடியில் நிறுத்தினார். ஏணியில் நின்றது அப்பா. நான் ஓட்டை நீட்டுகிறேன், அவர் குனிந்து வாங்குகிறார். காலையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. வெயில் ஏறின பிறகு நான் இரண்டு ஓட்டைச் சேர்த்து நீட்டினேன். "ஒவ்வொன்றாகக் கொடு, கையைக் கிழித்துக்கும்" என்றார். அவ்வளவுதான். நான் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அதற்கு அப்புறம் ஓடு எண்ணிக்கை, தண்ணீர், கயிறு என்று ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சைக்கிளில் உன்னை முன்னால் உட்கார வைத்து, என்னைப் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் நைட் ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்று எதிர்வீட்டில் சொன்னேன்.

வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்த்திருந்தால் தீர்ந்திருக்காது, தம்பி. பேச ஆரம்பித்தால் சீட்டிலிருந்து ஆரம்பித்து என் அண்ணன் வரைக்கும் போயிருக்கும்.

உன் அப்பா அதற்கு அப்புறம் எல்லாப் பெற்றோர் கூட்டத்துக்கும் வந்தார். ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. பின்னால் தூணோரம் உட்கார்ந்திருப்பார். ஆனால் வந்தார். நீயும் பேச வேண்டாம். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசுகிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் பேசட்டும். நீ போய் உட்கார். சனிக்கிழமை போய் அந்த உரக்குழியைக் கிளறு, அந்தப் பெரியவருக்கு ஒரு கை கொடு. உனக்குத் தோட்ட வேலை நன்றாக வரும், சின்ன வயதில் பள்ளித் தோட்டத்துக் கத்தரிக்காய் உன் பாத்தியில்தான் முதலில் காய்க்கும். டீச்சர் எல்லோரிடமும் சொல்வார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? இப்போது உன் பெண் பள்ளித் தோட்டத்தை வேறு யாருடைய அப்பாவோ கொத்துகிறார்.

இன்னொன்று. போன வாரம் கவிதா போன் செய்து என் ஆதார் கார்டு நகல் கேட்டாள். பள்ளியில் இந்த வருஷம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்களாம், அவசரமென்றால் பிள்ளையை அழைத்துப் போக இரண்டு பேர் பெயர் எழுத வேண்டுமாம். ஒன்று அவள். இரண்டாவது ஆளாக என் பெயரையும் நம்பரையும் எழுதியிருக்கிறாள். "சரிம்மா, அனுப்புகிறேன்" என்று சொன்னேன். அனுப்பியும் விட்டேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. மாயவரத்தில் இருக்கிற நான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெங்களூரில் மணி அடித்தால் எப்படிப் போய் நிற்பேன் என்று அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது. தூங்கவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை.

படிவத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். நம்ம பள்ளியிலும் அப்படித்தான், ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்தால் போதும். நீயே போய்க் கொடு. அப்படியே உள்ளே போய் யாழினி வகுப்பையும் பார்த்துவிட்டு வா. அவள் ஆசிரியை பெயர் என்ன என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், குட்டி சொன்னாள்.

அடுத்த வேலை நாள் ஆடி முதல் வாரத்துச் சனிக்கிழமை என்று கவிதா சொன்னாள். நான் வருகிறேன். திரை தைக்க ஆள் தேடுகிறார்களாம், என்னால் முடியும். மைசூர் எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறினால் விடியும்போது வந்துவிடுவேன். அப்பா வரவில்லை, மாட்டை யார் பார்ப்பது? உனக்கு மாவடு ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு பாட்டிலாகப் போட்டிருக்கிறேன். மூன்று பேரும் சேர்ந்து போகலாம், நீ, நான், கவிதா. குட்டி எப்படியும் முன்னால் ஓடுவாள்.

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். ஸ்டேஷனில் இறங்கி நான் எந்த வீட்டுக்கு வர வேண்டும் என்பதை மட்டும் உடனே எழுது.

இப்படிக்கு,
அம்மா