விஜயனின் காக்கிச் சட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன் ஐ.எம். விஜயனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும், திருச்சூர் மைதானத்தில் அவர் சோடா விற்ற கதையைத்தான் எல்லோரும் பேசினார்கள். என்னைக் கேட்டால், அவரைத் தாங்கியது காக்கிச் சட்டை. இளம் வயதிலேயே கேரளப் போலீஸ் அணி. மோகன் பகான் போன்ற கிளப்புகளில் ஆடிய பிறகும் காவல் துறைக்கே திரும்பி, 2025 ஏப்ரலில் துணை கமாண்டன்டாக ஓய்வு.

இன்றைய ஒப்பந்த ஆட்டக்காரருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. முழங்கால் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதம் வரை மைதானம் கிடையாது. அதற்குள் ஒப்பந்தமே முடிந்துவிடும். அதனால் கால் ஓடும்போதே, 28 வயதுக்குள் பயிற்சியாளருக்கான தொடக்க நிலைச் சான்றான டி லைசென்ஸ் எடுத்து, அடுத்த நிலைகளான சி, பி என ஏறத் தொடங்க வேண்டும். சீசன் இடைவெளியில் இந்த வகுப்புக்கு அனுப்புவதை கிளப்புகள் ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.

– கால்பந்துப் பயிற்சியாளர், கோவை