மசினகுடிக்குப் போய் வந்தேன்

திருச்சி,
3.2.2025

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாளே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் அன்று. கல்லூரி விடுதியில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்ட நாம் நால்வரும் இந்த ஆண்டாவது ஒரு காட்டு விடுதியில் நான்கு நாள் கூடியிருக்கலாம் என்றும், அந்த இடம் நீ பிள்ளைப் பருவத்தைக் கழித்த சிங்காராவுக்குப் பக்கத்தில் அமைந்தால் இன்னும் நல்லது என்றும் எழுதிவிட்டு, நீலகிரியின் மசினகுடி நமக்குத் தோதுப்படுமா என்று கேட்டிருந்தாய். தற்செயலாக, என் மகன் சென்ற மாதக் கடைசியில் அங்கே ஒரு தனியார் விடுதியில் மூன்று இரவுக்கு அறை போட்டு, என்னையும் என் வீட்டுக்காரரையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனான். ஆகவே பார்த்துவிட்டே எழுதுவோம் என்று காத்திருந்தேன்.

நீ அந்நாளில் சொல்லிச் சொல்லி எங்களைப் பயமுறுத்திய கல்லட்டிச் சாலையின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளை நான் இறங்கும்போது பார்க்கவில்லை. விபத்துகள் மிகுந்துபோனதால் உதகையிலிருந்து அந்த வழியாகக் கீழே இறங்க வெளியூர் வண்டிகளை இப்போது விடுவதில்லை. நீலகிரிக்குள் நுழையவே இ-பாஸ் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி இருந்தால் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அதன் பிறகு கூடலூர், தெப்பக்காடு என்று ஏறத்தாழ இரு மடங்கு தூரம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியெல்லாம் இந்தச் சுற்றைப் பற்றி நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அதை ஏன் குறிப்பிட்டு எழுதுகிறேன் என்பது பின்னால் உனக்குத் தெரியும்.

கூடலூர்ப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை பச்சையாக இருந்த காடு, தெப்பக்காட்டில் மாயாற்றுப் பாலத்தைக் கடந்து கிழக்கே திரும்பியதும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றத் தொடங்கிற்று. மேற்கிலிருந்து வரும் மழையை மலை தடுத்துவிடுவதால் சீகூர்ப் பீடபூமி முழுவதும் முள்ளும் புதருமாகத்தான் கிடக்கிறது என்று நீ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வறண்ட காடுதான் யானைக்கு நடமாடத் தோதான சமதளம் என்பதை இம்முறைதான் புரிந்துகொண்டேன். ஒரு பக்கம் செங்குத்தாக நிற்கும் நீலகிரிச் சரிவு, மறுபக்கம் மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே போய்வர யானைகளுக்கு மிஞ்சியிருப்பது இடைப்பட்ட குறுகிய நிலம். அதே நிலத்தில்தான் ஊர், வயல், மின்வாரியக் கால்வாய், விடுதிகள் எல்லாம் இருக்கின்றன.

நாங்கள் தங்கிய விடுதி பார்வைக்கு அழகானது. கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை, மூங்கில் நாற்காலி போட்ட திண்ணை, எதிரே மலையின் முழுச் சரிவு. சமையல்காரர் செய்த கொள்ளு ரசத்தை என் வீட்டுக்காரர் இன்னும் புகழ்ந்துகொண்டிருக்கிறார். வளாகத்தைச் சுற்றிச் சூரிய மின்வேலி. முதல் இரவு மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து அறைகளில் தங்கியிருந்த இளைஞர்கள் விறகை எரித்துக்கொண்டு, ஒலிபெருக்கியை அலறவிட்டு, பதினொரு மணி வரை ஆடினார்கள். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். விருந்தினர் மகிழ்ச்சிதான் முக்கியம் என்று சிரித்தார். நானும் விருந்தினர்தானே என்று கேட்டதற்கு அதற்கும் சிரித்தார். மறுநாள் மாலை ஜீப் ஓட்டுநர் ஒருவர் வந்து, இரவில் காட்டுக்குள் விளக்கடித்து விலங்கு காட்டுவதாக மகனிடம் தாழ்ந்த குரலில் பேரம் பேசினார். அது சட்டப்படி குற்றம் என்பது பேசியவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த மேலாளருக்கும் தெரியும். மருமகள்தான் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வேனில் காட்டைச் சுற்றி வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. புள்ளிமான் கூட்டம், சாலையோரம் அசையாமல் நின்ற ஒரு காட்டெருமை, தேக்கு மரத்தில் மந்திகள்; புலியின் வால்கூடக் கண்ணில் படவில்லை. தென்மாவட்டங்களில் மிளா என்று சொல்லும் விலங்கை அங்கே கடமான் என்கிறார்கள். அது ஒன்று ஓடைக்குள் நின்று எங்களையே பார்த்தது. யானை முகாமுக்கும் போனோம். வெந்த ராகியையும் கொள்ளையும் சோற்றையும் வெல்லத்தோடும் உப்போடும் பிசைந்து, ஒரு பூசணிக்காய் அளவுக்கு உருட்டிப் பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் யானையின் வாய்க்குள் வைத்துத் தள்ளுவதை என் வீட்டுக்காரர், பேரனைப் போல் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அருகிலிருந்த பலகையில் ஒவ்வொரு யானைக்கும் எவ்வளவு என்று கணக்கு எழுதியிருந்தது; நம் கல்லூரி விடுதிச் சாப்பாட்டுக்கூடத்துக்கு அப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் நாம் அவ்வளவு மெலிந்திருக்க மாட்டோம்.

நான் சொல்ல வந்தது இரண்டாம் இரவைப் பற்றி. அந்த இளைஞர்கள் அன்று காலையே கிளம்பிவிட்டார்கள். விடுதியின் இரவுக் காவலர் இருளர் சமூகத்து முதியவர், அதிகம் பேசாதவர். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்களிடம் வந்து, "அம்மா, அந்த லைட்டை அணைச்சிரலாமா? பெரியவங்க வர்ற நேரம்" என்றார். யாரோ வயதான விருந்தினர் வருகிறார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவர் எங்கள் அறை விளக்கையும், வழியிலிருந்த விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. எங்கோ ஆள்காட்டிக் குருவி கத்தி ஓய்ந்தது. பிறகு ஜெனரேட்டர் ஓடுவதைப் போல ஒரு தாழ்ந்த உறுமல் கேட்டது. மின்சாரம் போய்விட்டதா என்று மெல்லக் கேட்டேன். காவலர் கையை மட்டும் உயர்த்தி வேலிப் பக்கம் காட்டினார். முப்பது அடி தூரத்தில், நான் அதுவரை புதர் என்று எண்ணிக்கொண்டிருந்த கருமை நகர்ந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழு. நடுவில் ஒரு குட்டி. தாயின் முன்னங்கால்களுக்கிடையே அதன் தலை மட்டும் தெரிந்தது. அவ்வளவு பெரிய உடம்புகள் சருகின் மேல் நடந்தும் காலடி ஓசை கேட்கவில்லை, வசந்தா. வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற அந்த உறுமலும், ஈரமண்ணும் சாணமும் கலந்த வாடையும் மட்டும்தான் வந்தன.

முன்னால் வந்த மூத்த பெண்யானை வேலிக் கம்பிக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. துதிக்கையை நீட்டிற்று, தொடவில்லை. நுனியை மட்டும் கம்பிக்கு மேலே அப்படியும் இப்படியும் அசைத்துவிட்டு, எங்கள் பக்கமாக உயர்த்தி மோந்தது. நாங்கள் மூச்சு விடவில்லை. பின்னர் அது வலப்புறம் திரும்பியது. கம்பியை ஒட்டியே நடந்து, சமையற்கட்டின் பின்பக்கத்தைக் கடந்து, வளாகத்தின் மூலையில் வளைந்து, எதிர்ப்பக்கம் உள்ள ஓடையில் இறங்கும் வரை அந்த ஏழும் வரிசை கலையாமல் போயின. அவ்வளவு சுற்று. குட்டி ஓரிடத்தில் தடுக்கி உட்கார்ந்தது. பின்னால் வந்தது அதைத் துதிக்கையால் தூக்கிவிட்டது. வேலி இல்லாவிட்டால் நான் உட்கார்ந்திருந்த திண்ணை வழியாக ஐம்பது தப்படியில் ஓடையை அடைந்திருக்கும். "முன்னே நேராத்தான் போகும்" என்றார் காவலர். குறை சொல்லும் தொனி அவர் குரலில் இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கூடலூர் வழியாகச் சுற்றி வந்ததற்கு அத்தனை முணுமுணுத்தவள் நான். காலையில் மேலாளரிடம், விடுதி யானை வழித்தடத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லா அனுமதியும் இருக்கிறது, வழித்தடம் அப்பால் இருக்கிறது என்றார். இருக்கலாம். இந்த வழித்தட வழக்கின் வரலாறு உனக்கும் தெரிந்திருக்கும்: அரசு 2010-இல் வழித்தடத்தை அறிவித்தது, 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, 2018-இல் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது, 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத் தீர்ப்பைச் சரியென்றது. சீல் வைத்த கட்டடங்கள் சிலவற்றை வழியில் பார்த்தேன். ஓடுகள் சரிந்து, உண்ணிச்செடி சன்னல் வரை ஏறிக் கிடக்கிறது. 2021 ஜனவரியில் இதே ஊரில் எரியும் டயரை ஒரு யானையின் மேல் வீசிய காணொளியைப் பார்த்து நாம் இருவரும் தொலைபேசியில் அழுதது நினைவிருக்கிறதா? அந்த யானை பிழைக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஊர்க்காரர்களை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேநீர்க் கடைக்காரர் ஒருவர், சீல் வைத்த நாளில் தம் தெருவிலேயே சமையல்காரர், ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் என்று வேலை இழந்தவர்களை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அவர்களுக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்விக்கு அவரிடமும் விடை இல்லை, என்னிடமும் இல்லை.

அதே கடையில்தான் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் மசினகுடியில் மாடு வளர்த்தது பாலுக்காக அன்று, சாணத்துக்காக; அது லாரி லாரியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போகுமாம். மாடு மிகுந்த ஊரில் பாறுகளும் மிகுந்திருந்தன. நாம் பொதுவாகப் பிணந்தின்னிக் கழுகு என்று இழித்துச் சொல்லும் அந்தப் பறவை, வலி நீக்க டைக்ளோபினாக் மருந்து போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று நாடு முழுவதும் பெரும்பாலும் அழிந்து, 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்த பிறகும் மீள முடியாமல் தவிக்கிறது. சீகூர் ஓடைக்கரை நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறு இன்னும் கூடு கட்டுகிறது. மூன்றாம் நாள் காலை மகனின் தொலைநோக்கியில் ஒன்றைப் பார்த்தேன். வெயில் ஏறும் வரை இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு, ஏதோ வழக்கு நடத்தும் கிழ வக்கீலைப் போல உட்கார்ந்திருந்தது.

இனி உன் சிங்காராவைப் பற்றி. சோதனைச் சாவடியோடு திரும்பிவிட்டேன். அதற்கு மேல் அனுமதி வேண்டும் என்றார்கள். பைக்காராவின் தண்ணீரை மலையிலிருந்து குழாயில் இறக்கி 1932-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய அந்த நிலையத்தைப் பற்றி உன் அப்பா பெருமையோடு பேசுவாரே, அந்தக் குழாய்களைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மாயாறு கிராமத்துக்குப் போகும் சாலையில் மரவகண்டி அணையையும், அங்கிருந்து செல்லும் கால்வாயையும் பார்த்தேன். கால்வாயின் கரை செங்குத்து; யானை இறங்கினால் ஏற முடியாது. அது கடப்பதற்கென்று மேலே சிறு பாலங்கள் போட்டிருக்கிறார்கள். பாலத்தின் மேல் பரப்பியிருந்த மண்ணில் புதிய விட்டை கிடந்தது. ஆக, அங்கேயும் அவை பாலம் இருக்கும் இடம் வரை சுற்றித்தான் நடக்கின்றன. இதை எழுதலாமா என்று யோசித்தேன். உன் அப்பா இருந்திருந்தால் அவரே முதலில் ஒப்புக்கொண்டிருப்பார் என்பதால் எழுதுகிறேன். அந்த மின்சாரத்தில் விளக்கெரித்துப் படித்தவர்கள்தானே நாம். கால்வாயை இனி யாராலும் சுருட்டி எடுத்துவைக்க முடியாது. ஆனால் நாம் நான்கு நாள் எங்கே தங்குவது, எப்படித் தங்குவது என்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே என் யோசனை இது. தனியார் விடுதி வேண்டாம். தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் வனத்துறையின் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. முன்பதிவு இணையத்திலேயே செய்யலாம். அறை எளிமையாக இருக்கும், சாப்பாடும் அப்படியே. ராஜிக்கு வெந்நீர் வராவிட்டால் கோபம் வரும், அதை நாம் சமாளித்துக்கொள்ளலாம். தெப்பக்காட்டில் இருந்துவிட்டால் வண்டிச் சத்தமும் இரவு ஒன்பது மணியோடு ஓய்ந்துவிடும். பந்திப்பூருக்குப் போகும் சாலையை மூடிவிட்டுக் காலை ஆறுக்குத்தான் திறக்கிறார்கள். பிப்ரவரிக்குப் பிறகு காட்டுத்தீ பயத்தில் சில நாள்கள் முதுமலைப் புலிகள் காப்பகத்தையே மூடிவிடுவதுண்டு. எனவே டிசம்பர் முதல் வாரத்தை வைத்துக்கொள்வோம்; குளிர் தெரியும், கம்பளி எடுத்துக்கொள். உன் முழங்காலுக்குப் பயப்பட வேண்டாம், அங்கே நடக்க விடவே மாட்டார்கள்.

சிங்காராவுக்கு அனுமதி கேட்டு மின்வாரியத்துக்கு எழுத வேண்டுமானால், உன் அப்பா அங்கே எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பணியாற்றினார் என்று குறிப்பிடுவது நல்லது. குடியிருப்பு வாசலில் நீ ரெட்டைச் சடையோடு நிற்க, பின்னால் குழாய்கள் தெரியும் படம் ஒன்று உன்னிடம் உண்டல்லவா? அதன் பின்பக்கத்தில் ஆண்டு எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அண்ணனுக்கு என் வணக்கம். பேத்திக்கு முத்தங்கள்.

உன்,
செண்பகம்